பூன் தாத்தாவும் காப்பி பேஸ்ட் பேரன்களும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க நாளைக்கு வந்து படிங்க. அமெரிக்க வரலாறுன்னா அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்ஸாகிடுங்க.

அமெரிக்காவுல ஒரு பொழுதுபோக்கு இருக்கு. வம்ச மரம் போடறது. இணையத்துல ஒரு கணக்கைத் திறந்து, அப்பா பேரு, தாத்தா பேரு போட்டா போதும். "இவர் உங்க கொள்ளுத்தாத்தாவா இருக்கலாம்"னு தளமே எடுத்துக் கொடுக்கும். "ஆமாம்"னு ஒரு க்ளிக். அடுத்த தலைமுறைக்கு இன்னொரு க்ளிக். ஒரு ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள 1700க்குப் போயிடலாம். இன்னும் ரெண்டு காபி குடிச்சா நார்மன் பிரபு வரைக்கும் போகலாம். இதுல ரொம்ப கிராக்கி உள்ள தாத்தாக்கள் ரெண்டு வகை. ஒண்ணு, மேஃப்ளவர் கப்பல்ல வந்தவங்க. இன்னொண்ணு, மலை தாண்டிப் போய் காட்டை வெட்டிக் குடியேறின எல்லைப்புற ஆளுங்க. ரெண்டாவது வகைக்குத் தலைவர் டேனியல் பூன்.

பூனைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1734ல பென்சில்வேனியாவுல பிறந்தவர். வேட்டைக்காரர். 1775ல கம்பர்லாண்ட் கணவாய் வழியா கென்டக்கிக்குப் பாதை வெட்டி, பூன்ஸ்பரோன்னு ஒரு கோட்டை ஊர் அமைச்சவர். 1784ல ஜான் ஃபில்சன் எழுதின புத்தகம் இவரை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் பிரபலமாக்கிடுச்சு. 1964லேர்ந்து 1970 வரைக்கும் தொலைக்காட்சித் தொடரா வேற ஓடுச்சு. 1820ல மிசௌரியில, மகன் நேதன் வீட்ல இறந்தார். நம்ம ஊர்ப் பாணியில சொன்னா காவல் தெய்வம் ஆகியிருக்க வேண்டிய ஆளு.

என்னோட வாதம் இதுதான். இந்த மாதிரி ஒரு குடியேறியோட குடும்ப வரலாற்றை நேர்மையாத் தேடினா கிடைக்கறது பெருமை இல்லை, வில்லங்கம். பெருமை மட்டும்தான் கிடைச்சிருக்குன்னா தேடவே இல்லைன்னு அர்த்தம்.

"அவங்க தாத்தா, அவங்க மரம், உனக்கென்னய்யா வலிக்குது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் பொட்டி தட்டறவன். என் பொழைப்பே டேட்டா. போன ப்ராஜெக்ட்ல க்ளையன்ட் பக்கத்து நண்பர் ஒருத்தர் தன்னோட மரத்தைக் காட்டினார். உச்சியில பூன். பூனுக்கும் மேல ஏறிப் போய், டி போஹுன்னு ஒரு நார்மன் பிரபுக் குடும்பம். ஏன்னு கேட்டா, "போஹுன்" மருவி "பூன்" ஆயிடுச்சாம். ஒலி ஒத்துப்போனா உறவா? அந்தப் பிரபுக் குடும்பத்து மூத்த கிளைக்கு 1373லயே ஆண் வாரிசு முடிஞ்சு போச்சு. அதுக்கும் டெவன்ல தறி நெய்துக்கிட்டிருந்த பூன் குடும்பத்துக்கும் நடுவுல மூணு நூற்றாண்டு. அவர் மரத்துல அந்த மூணு நூற்றாண்டுக்கும் "சான்று"ங்கற கட்டம் காலி. எங்கேர்ந்து எடுத்தீங்கன்னேன். இன்னொருத்தர் மரத்துலேர்ந்தாம். அவர் வேற ஒருத்தர்கிட்டேர்ந்து. நாப்பது மரம் ஒரே மாதிரி சொல்லுதேன்னு அதையே ஆதாரமா நீட்டறார். நாப்பது பேர் ஒரே பரீட்சைப் பேப்பரைப் பார்த்து எழுதினா விடை சரின்னு ஆயிடுமா?

இத்தனைக்கும் பூன் குடும்பத்துக்கு நல்ல ஆவணம் இருக்கு. அதான் எரிச்சல். அவங்க குவேக்கர்கள். குவேக்கர் சபைகள் எல்லாத்தையும் எழுதி வைக்கும். பிறப்பு, கல்யாணம், ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போனா கையோட எடுத்துட்டுப் போற சான்றிதழ், யார் தப்புப் பண்ணாங்க, யார் மன்னிப்புக் கேட்டாங்க, எல்லாம். டேனியலோட அப்பா ஸ்கொயர் பூன் டெவன்ல பிராட்னிஞ்சுங்கற ஊர்லேர்ந்து 1713 வாக்கில வந்த நெசவாளர். 1717ல தாத்தா ஜார்ஜ் குடும்பத்தோட வந்து சேர்ந்தார். அம்மா சாரா மோர்கன், வேல்ஸ் வழிக் குவேக்கர் குடும்பம். பதினோரு பிள்ளைகள்ல டேனியல் ஆறாவது. அக்கா சாரா 1742ல குவேக்கர் அல்லாத ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. சபை கண்டிச்சுது, அப்பா மன்னிப்புக் கேட்டார். 1747ல அண்ணன் இஸ்ரேலும் அதையே பண்ணார். இந்த வாட்டி அப்பா தலை குனியலை. 1748ல சபை அவரை விலக்கி வச்சுது. 1750ல குடும்பமே மூட்டை கட்டி வட கரோலினாவுக்குக் கிளம்பிடுச்சு. சாதி விட்டு சாதி கட்டினா ஊரை விட்டுத் தள்ளி வைக்கற கதை நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே. இதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பேட்டுல இருக்கு. "கட்டுப்பாடில்லாத காட்டு மனுஷன்" எப்படி உருவானான்னு தேடறவங்களுக்கு இதை விடத் துப்பு வேணுமா? ஆனா மரத்துல பேரும் தேதியும் மட்டும்தான் வருது.

அந்தத் தேதியாவது சரியா? ஒரு சின்ன டெக்னிக்கல் மேட்டர். 1752க்கு முன்னாடி இங்கிலாந்திலயும் அதன் காலனிகள்லயும் வருஷம் மார்ச் 25ல பிறக்கும். குவேக்கர்கள் மாசப் பேரைச் சொல்ல மாட்டாங்க, எண்தான். மார்ச் அவங்களுக்கு முதல் மாசம். அப்ப எட்டாம் மாசம்னா அக்டோபர். பூன் பிறந்த தேதி பழைய கணக்குல அக்டோபர் 22, புதுக் கணக்குல நவம்பர் 2. எட்டுன்னு பார்த்ததும் ஆகஸ்ட்னு அடிக்கறவங்க இன்னிக்கும் இருக்காங்க. எங்க ஆபீஸ்ல தேதி, மாசம் இடம் மாறிப்போனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுவாங்க. இங்க ஒருத்தரும் எழுப்பறதில்லை, அடுத்தவர் மரத்துக்கு அப்படியே நகல் போகுது.

"அதான் டி.என்.ஏ. இருக்கே!" அடுத்த அஸ்திரம். எச்சிலைக் குப்பியில துப்பி அனுப்பினா தாத்தா வந்து நிற்பார்னு நினைப்பு. கணக்குப் போடுவோம். 1980கள்ல பிறந்த ஒருத்தருக்குப் பூன் சுமாரா எட்டாவது தலைமுறை. எட்டு தலைமுறை மேல போனா மூதாதையர் இடம் எத்தனை? 256. பொட்டி தட்டறவங்களுக்கு மனப்பாடமா இருக்கற எண். அந்த 256 பேர்ல ஒருத்தர் பூன். மிச்சம் 255 பேர் யாருன்னு யாராவது கேட்டாங்களா? அதோட, அவ்வளவு தூரத்துல ஒரு குறிப்பிட்ட மூதாதையர்கிட்டேர்ந்து ஒரு துண்டு மரபணுகூட வந்து சேராமப் போகலாம். ரத்தம், ரத்தம்னு அடிச்சுக்கறாங்க. அந்த ரத்தத்துல பூன் ஒரு சொட்டுகூட இல்லாம இருக்கலாம்!

இன்னும் சுவாரசியமான விஷயம் ஜெமைமா. பூனோட மகள், 1762ல பிறந்தவங்க. பூன் வேட்டைக்குப் போனா மாசக்கணக்குல, சமயத்துல வருஷக்கணக்குல வீட்டுப் பக்கம் வரமாட்டார். ஒரு தடவை திரும்பி வந்து பார்த்தா மனைவி ரெபேக்கா கையில குழந்தை. நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சேன், குழந்தை உங்க தம்பியோடதுன்னு சொன்னாங்களாம். நம்ம குடும்பத்துக்குள்ளதானேன்னு பூன் ஏத்துக்கிட்டாராம். பல வடிவத்துல உலவுற வாய்மொழிக் கதை, நிரூபணம் கிடையாது. டி.என்.ஏ.வால தீர்க்கலாமேன்னு சொல்றவங்களுக்கு: கதையில வர்ற தம்பி எட்வர்ட், டேனியலோட கூடப்பிறந்தவர். எட்வர்ட் கட்டிக்கிட்டது ரெபேக்காவோட தங்கச்சி மார்த்தாவை. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. இருநூத்தம்பது வருஷம் கழிச்சு அப்பாவா சித்தப்பாவான்னு எச்சிலை வச்சு எவன் பிரிப்பான்? இதுல எனக்குப் பிடிச்சது பூனோட நடத்தைதான். 1776ல ஜெமைமாவை ஷானி, செரோக்கி ஆளுங்க பிடிச்சுட்டுப் போனப்ப, துரத்திப்போய் மீட்டுட்டு வந்தவர் அவர். அப்பா யாருன்னு அவருக்குப் பிரச்சினை இல்லை. பேரன்களுக்குத்தான் பிரச்சினை.

சரி, மரபணுவும் வேணாம், அடுத்தவர் மரமும் வேணாம். அப்ப எங்க தேடறது? பத்திரத்துல தேடணும். கோர்ட்டுல தேடணும். கென்டக்கி அப்ப வர்ஜீனியாவோட ஒரு பகுதி. 1779ல வர்ஜீனியா நிலச் சட்டம் போட்டுது. 1778க்கு முன்னாடி குடியேறி இருந்தா 400 ஏக்கர், பக்கத்துல இன்னும் 1000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. அரசாங்கம் முன்கூட்டி அளக்கலை. அவங்கவங்களே அளந்துக்கணும். எல்லைக்கல் கிடையாது, மரம்தான். இந்தப் புங்க மரத்துலேர்ந்து அந்த ஓடை வரைக்கும்னு நம்ம ஊர்ப் பழைய பத்திரம் மாதிரி, அங்க ஓக் மரம், பீச் மரம். மரம் விழுந்தா எல்லையும் போச்சு. ஒருத்தன் நிலத்து மேல இன்னொருத்தன் நிலம், கூரை ஓடு மாதிரி அடுக்கடுக்கா. விளைவு? வழக்கு, வழக்கு, தலைமுறை தலைமுறையா வழக்கு. ஆப்ரகாம் லிங்கனோட அப்பா தாமஸ் 1816ல கென்டக்கியை விட்டுப் போனதுக்கு இந்தப் பட்டா தகராறும் ஒரு காரணம். பூனே சர்வேயரா வேலை பார்த்தவர். அவரே நிலத்தை எல்லாம் கோட்டை விட்டார். 1799ல மிசௌரிக்குப் போனார், அப்ப அது ஸ்பெயின்காரங்க ஆட்சி. அங்க கிடைச்ச நிலமும் 1803ல அமெரிக்கா அந்தப் பகுதியை வாங்கினதும் போச்சு, பதிவு சரியில்லைன்னு. 1814ல நாடாளுமன்றம் திருப்பிக் கொடுத்துது. பழைய கடன்காரங்களுக்காக அதையும் வித்தார்.

வம்சாவளி தேடறவனுக்கு இந்த வழக்குகள்தான் புதையல். சாட்சிக் கூண்டுல நிக்கற கிழவர் வயசைச் சொல்வார், எந்த வருஷம் எந்த ஊர்லேர்ந்து யார்கூட வந்தேன்னு சொல்வார், அந்த மரத்தை யார் வெட்டினாங்கன்னு சொல்வார். சத்தியம் பண்ணி, எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணி, எழுதி வச்சது. கென்டக்கிக்கு 1790, 1800 மக்கள்தொகைக் கணக்கேடு ரெண்டும் இன்னிக்கு இல்லை. வரிப் பட்டியலும் வழக்குக் கட்டும்தான் கதி. அப்புறம் லைமன் டிரேப்பர்னு ஒரு மனுஷர். ஊர் ஊராப் போய்க் கிழவன் கிழவிகளைப் பேச வச்சு எழுதினவர். 1851ல நேதன் பூனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்கார வச்சுப் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டார். பூன் வரலாற்றை முடிக்காமலே 1891ல போய்ச் சேர்ந்தார். அவர் காகிதங்கள் கிட்டத்தட்ட ஐந்நூறு தொகுதி, விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்துல இருக்கு. அவர் எழுதின பூன் வரலாறு 1998லதான் அச்சானது. அதுல ஒரு பக்கம் புரட்டாம மரம் போடறவரை ஆராய்ச்சியாளர்னு கூப்பிட நான் தயாரில்லை.

ஏன் புரட்ட மாட்டேங்கறாங்க? சோம்பேறித்தனம் பாதி. மீதி, அதுக்குள்ள இருக்கறவங்களைப் பார்க்கப் பயம்.

1773 அக்டோபர். பூன் முதல் தடவையா குடும்பத்தோட கென்டக்கிக்குக் கிளம்பறார். பின்னாடி தனியா முகாம் போட்டிருந்த கூட்டத்துல அவர் மூத்த மகன் ஜேம்ஸ், வயசு பதினாறு. விடியக்காலையில பூர்வகுடி ஆளுங்க தாக்கறாங்க. ஜேம்ஸைச் சித்திரவதை பண்ணிக் கொல்றாங்க. இது எல்லா மரத்துலயும் இருக்கு. இந்த விவரம் நமக்கு எப்படித் தெரியும்? ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளுக்குள்ள ஒளிஞ்சு பார்த்து, தப்பிச்சு வந்து சொன்னவர் ஆடம். கூடவே இருந்த சார்லஸைப் பிடிச்சுட்டுப் போய்க் கொன்னாங்க. ஆடமும் சார்லஸும் கறுப்பின அடிமைகள். ஒத்தைப் பேர். அப்பா பேர் இல்லை, ஊர் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஜேம்ஸ் பூனோட கடைசி நிமிஷத்துக்குச் சாட்சி யாருன்னு போட ஒரு கட்டம்கூட அந்த மரங்கள்ல கிடையாது.

பூனும் அடிமை வச்சிருந்தவர்தான். 1787 வாக்கில ஏழு பேர். மிசௌரியில கிழட்டுப் பூனோட வேட்டைக்குக் கூடவே போனவர் டெரி கோபர்ன், மகன் டேனியல் மோர்கன் பூனோட அடிமை. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்"னு ஒரு ரெடிமேட் பதில் வரும். எல்லாருமா? பூன் குடும்பம் வந்து இறங்கின அதே பென்சில்வேனியாவுல, ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் 1688லயே அடிமை முறை தப்புன்னு எழுத்துல கொடுத்தாங்க. டேனியலோட அப்பா வர்றதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி! 1776ல பிலடெல்பியா குவேக்கர் மகாசபை அடிமை வச்சிருக்கறவங்களுக்கு இடமில்லைன்னே சொல்லிடுச்சு. தாத்தாவோட குவேக்கர் பிறப்புப் பதிவு வேணும், அந்தக் குவேக்கர்கள் பேசினது மட்டும் வேணாமா?

அரசாங்கக் கணக்கேடும் இதுக்குத் துணை. 1840 வரைக்கும் குடும்பத் தலைவன் பேர் மட்டும். மனைவி, பிள்ளைங்க வயசுவாரியா எண்ணிக்கை. அடிமைகளும் எண்ணிக்கை. 1850, 1860ல தனி அட்டவணை போட்டாங்க, அதுலயும் வயசு, பால், நிறம்தான், பேர் அநேகமா கிடையாது. கணக்கேட்டுல பெரும்பாலானவங்க பேரோட வர்றதே 1870லதான். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் க்ளிக் பண்ணிக்கிட்டே 1600க்குப் போகுது. அதே வீட்ல சமைச்சவங்களோட வாரிசு 1870ல சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கறாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் போகச் சாவி யார்கிட்ட இருக்குன்னு நினைக்கறீங்க? எஜமானோட உயிலில். "இந்தப் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் என் மகளுக்கு"ன்னு மாட்டோடு மாடா எழுதின வரியில. அந்த உயிலைப் படியெடுத்து, பேரைப் பதிவு பண்ணி வச்சா இன்னொரு குடும்பத்துக்கு வழி திறக்கும். எஜமான் பேரன் உயில்லேர்ந்து தனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கிட்டு மூடி வச்சுடறார். இதைத்தான் நான் மன்னிக்கத் தயாரில்லை.

இன்னொரு உறவு. 1778 பிப்ரவரியில உப்புக் காய்ச்சப் போன இடத்துல பூன் ஷானிகள்கிட்ட மாட்டினார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை முறைப்படி மகனாத் தத்து எடுத்துக்கிட்டார். பேர் ஷெல்டோவி, பெரிய ஆமைன்னு அர்த்தம். நாலு மாசம் அந்தக் குடும்பத்துல இருந்தார். ஜூன்ல தப்பிச்சு சில நாள்ல 160 மைல் கடந்து பூன்ஸ்பரோ வந்தார். செப்டம்பர்ல அந்தக் கோட்டையை முற்றுகை போட வந்தவர் அதே வளர்ப்பு அப்பா. சினிமாவுக்கு இதை விட என்ன வேணும்? இந்தத் தத்து நடந்ததை யாரும் மறுக்கலை. ஆனா நான் பார்த்த மரங்கள்ல, சான்றே இல்லாத டி போஹுனுக்குக் கட்டம் உண்டு, பிளாக்ஃபிஷுக்குக் கட்டம் இல்லை. மென்பொருள்ல "வளர்ப்புத் தந்தை"ன்னு ஆப்ஷன் இல்லாம இல்லை சாமி, நல்லாவே இருக்கு.

குடியேறிகள் "காலி நிலத்துல" குடியேறினாங்கன்னு சொல்லும்போதும் இதே வேலைதான். 1768ல ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில அந்த நிலத்தை வித்தது இரோக்வா கூட்டமைப்பு. அங்க வேட்டையாடி வாழ்ந்தது ஷானிகள். அவங்களை யாரும் கேட்கலை. 1775ல சிக்கமோர் ஷோல்ஸ்ல ரிச்சர்ட் ஹெண்டர்சன் கம்பெனி செரோக்கிகள்கிட்ட சுமார் 2 கோடி ஏக்கர் வாங்கினதா ஒரு ஒப்பந்தம் போட்டுது. செரோக்கிகள்லயே டிராகிங் கேனூ எதிர்த்தார். பூன் பாதை வெட்டினது இந்தக் கம்பெனிக்காகத்தான். மூணே வருஷத்துல வர்ஜீனியாவே அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னுடுச்சு. மூலப் பத்திரத்துலயே வில்லங்கம். அதான் அதுக்குப் பின்னாடி வந்த பட்டாவெல்லாம் கோர்ட்டுல நாறுச்சு.

பொழுதுபோக்குதானே, விடேன்னு நண்பர் சொன்னார். தபால்தலை சேகரிச்சா விட்டுடலாம். இது அடுத்தவங்க வரலாற்றை மேல வெள்ளையடிச்சு மூடற பொழுதுபோக்கு. முன்னாடியாவது பழைய கையெழுத்தைப் படிக்கக் கஷ்டம், நேர்ல போகணும், மைக்ரோஃபிலிம் சுத்தணும்னு சாக்கு இருந்துச்சு. 2024லேர்ந்து ஃபேமிலிசர்ச் தளத்துல கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் இயந்திரமே படிச்சு, உள்ள இருக்கற எந்தச் சொல்லை வேணும்னாலும் தேடற வசதி வந்தாச்சு. இலவசம். எஜமான் பேரைப் போட்டா, அவர் எழுதி வச்ச மனுஷங்க பேரும் வந்து விழுது. அப்பவும் "ஆமாம்" பொத்தானைத்தான் அமுக்குவேன்னா என்ன சொல்றது.

கடைசியா ஒரு சமாசாரம். 1845ல கென்டக்கிக்காரங்க மிசௌரிக்குப் போய், பூன் எலும்பையும் ரெபேக்கா எலும்பையும் தோண்டி எடுத்துட்டு வந்து ஃபிராங்க்ஃபர்ட்ல மறுபடி புதைச்சாங்க. பிறகு நினைவுச் சின்னமும் எழுப்பினாங்க. அவங்க தோண்டினது தப்பான குழின்னு மிசௌரியில ரொம்ப காலமாப் பேச்சு. மறுபடி புதைக்கறதுக்கு முன்னாடி மண்டை ஓட்டுக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்திருந்தாங்க. 1983ல ஒரு தடயவியல் மானுடவியலாளர் அதைச் சோதிச்சுட்டு, இது ஒரு கறுப்பினத்தவரோட மண்டையா இருக்கலாம்னார். அச்சு கரடுமுரடானது, அதனால முடிவான பதில் இல்லை. ஆனா அந்த மிசௌரி இடுகாட்டுல அடிமைகளையும் புதைச்சிருக்காங்க. இன்னிக்கும் ரெண்டு ஊரும் பூன் எங்ககிட்டதான்னு சொல்லுது.

பேரன்கள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்து, அந்தச் சின்னத்துக்கு முன்னாடி நின்னு படம் எடுத்து மரத்துல ஒட்டறாங்க. என் நண்பரும் ஒட்டியிருக்கார். உள்ள இருக்கறது யாருன்னு கேட்டேன். இன்னும் பதில் மெயில் வரலை.